பார்த்தால் லெமனேட்! தொட்டால் சோப்பு!

மேஜையின் மேல் ஒரு டம்ளர் லெமனேட். இளமஞ்சள் நிறம். உள்ளே நாலு ஐஸ் கட்டிகள். நடுவில் ஓர் எலுமிச்சை வில்லை. மேலெல்லாம் முத்து முத்தாக நீர்த்துளிகள்.

எடுத்துக் குடிக்கலாமா?

கூடாது! அது பானம் அல்ல. குளிக்கிற சோப்பு!

பக்கத்துத் தட்டில் ஒரு கேக் துண்டு. அதன் மேல் நுரைத்த வெள்ளைக் கிரீம். கிரீமின் உச்சியில் சிவப்பாக ஒரு செர்ரிப் பழம். அதுவும் சோப்புதான்!

இங்கிலாந்து, அமெரிக்கா முதலிய நாடுகளில் இப்படிப்பட்ட வேடிக்கை சோப்புகளை வீட்டிலேயே செய்கிறார்கள். பிறந்த நாளுக்கும் கிறிஸ்துமசுக்கும் பரிசாகக் கொடுக்கிறார்கள். சிலர் இதை ஒரு குடிசைத் தொழிலாகவே நடத்துகிறார்கள்.

அழகான கைவேலை. ஆனால், அந்த அழகுக்குள்ளேயே ஓர் அபாயமும் ஒளிந்து இருக்கிறது. அது கோர்ட்டு வரை போன அபாயம்!

கண்ணாடி போன்ற சோப்பு

இந்த வேடிக்கைக்கு அடிப்படை, கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும் சோப்பு. அதற்கு 200 ஆண்டுகளுக்கு மேற்பட்ட கதை உண்டு.

லண்டன் நகரில் ஆண்ட்ரூ பியர்ஸ் என்பவர் முடிதிருத்தும் கடை வைத்து இருந்தார். அந்தக் காலத்துச் சோப்புகள் முரட்டுத்தனமானவை. முகத்தில் போட்டால் எரியும். மென்மையான சோப்பு ஒன்றைச் செய்ய வேண்டும் என்று அவர் முயன்றார். 1807-ம் ஆண்டு, ஒளி ஊடுருவும் சோப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தார். நம் ஊர்க் கடைகளிலும் கிடைக்கும் "பியர்ஸ்" சோப்பு, அவர் பெயரைத் தாங்கியதுதான்.

சோப்பு எப்படிக் கண்ணாடி ஆகிறது?

சாதாரணச் சோப்புக்குள் கண்ணுக்குத் தெரியாத படிகங்கள் நிறைந்து இருக்கின்றன. அவை ஒளியைச் சிதற அடிக்கின்றன. ஆகவே, சோப்பு மங்கலாகத் தெரிகிறது. சாராயம், கிளிசரின், சர்க்கரைப் பாகு போன்றவற்றைச் சேர்த்தால் படிகங்கள் பெரிதாக வளர்வது இல்லை. ஒளி தடை இல்லாமல் போய் வருகிறது.

இப்படிப்பட்ட சோப்பைத் தொழிற்சாலையில் செய்து, கட்டி கட்டியாக விற்கிறார்கள். காஸ்டிக் சோடாவின் வேலை எல்லாம் அங்கேயே முடிந்துவிடுகிறது. வீட்டில் கை பொசுங்கும் பயம் இல்லை. வாங்கி உருக்க வேண்டும். அச்சில் ஊற்ற வேண்டும். அவ்வளவுதான்.

உருக்கி ஊற்றும் வித்தை

லெமனேட் சோப்பு செய்கிற முறையைப் பார்ப்போம்.

சோப்புக் கட்டியைச் சிறு துண்டுகளாக நறுக்குகிறார்கள். அடுப்பில் நேராக வைப்பது இல்லை. ஒரு பாத்திரத்தில் வெந்நீர் வைத்து, அதற்குள் இன்னொரு பாத்திரத்தை வைத்து உருக்குகிறார்கள். தண்ணீர் கொதிக்க 100 டிகிரி சூடு வேண்டும். இதற்கு 60, 65 டிகிரியே போதும். கொதிக்கவிட்டால் சோப்பில் உள்ள ஈரம் போய்விடும்; தீய்ந்த வாடை வரும்.

முதல் வேலை, "ஐஸ்" செய்வது. தெளிந்த சோப்பை ஐஸ் தட்டில் ஊற்றி இறுகவிட்டால், சதுரம் சதுரமாகக் கட்டிகள் கிடைக்கும். எலுமிச்சை வில்லைக்குத் தனி அச்சு உண்டு.

அடுத்தது, "பானம்". மறுபடியும் தெளிந்த சோப்பை உருக்கி, ஒரு துளி மஞ்சள் சாயமும் எலுமிச்சை வாசனையும் சேர்க்கிறார்கள். சற்று ஆறவிட்டு, பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றுகிறார்கள். இங்கேதான் கைப்பக்குவம் வேண்டும். அதிகச் சூடாக ஊற்றினால், போடுகிற ஐஸ் கட்டிகள் உருகிப் போகும். அதிகமாக ஆறிவிட்டால், ஒன்றோடு ஒன்று ஒட்டாது. ஒட்டுவதற்காகக் கட்டிகளின் மேல் ஸ்பிரிட்டைத் தெளிக்கிறார்கள். மேலே எழும் குமிழிகளும் ஸ்பிரிட் பட்டதும் உடைந்துவிடும். ஸ்பிரிட் தீப்பற்றக் கூடியது. அடுப்புப் பக்கமே அதைக் கொண்டுபோகக் கூடாது.

கேக் மேல் இருக்கும் கிரீம்? வெள்ளைச் சோப்பை உருக்கி, ஓரளவு ஆறியதும், முட்டை அடிக்கிற கருவியால் அடிக்கிறார்கள். நுரைத்துப் பொங்கி வரும். அதை அள்ளி வைத்தால் அசல் கிரீம்தான்!

டம்ளரின் மேல் நீர்த்துளிகள் எப்படி வந்தன? அது கிளிசரின் செய்யும் வேலை. கிளிசரின் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். திறந்து வைத்தால் சோப்பு "வியர்க்கும்". வியர்த்தால், குளிர்ந்த பானம் போலவே தோன்றும். வியர்க்காமல் இருக்க, இறுகியவுடன் பிளாஸ்டிக் தாளில் காற்றுப் புகாமல் சுற்றி வைக்கிறார்கள்.

குழந்தை என்ன செய்யும்?

நிறமும் வடிவமும் வாசனையும் அசலை ஒத்து இருந்தால், செய்தவருக்குப் பெருமை. "நிஜ லெமனேட் என்றே நினைத்தேன்!" என்று யாராவது சொன்னால் அவர் பூரித்துப் போவார்.

ஆனால், 2 வயதுக் குழந்தையும் அப்படியே நினைத்தால்?

"தின்னக் கூடாது" என்று மேலே சீட்டு ஒட்டி இருக்கலாம். எழுத்துத் தெரிந்தவருக்குத்தான் அது எச்சரிக்கை. குழந்தைக்கு அது வெறும் காகிதம். சில சமயம், பார்வை மங்கிய பாட்டிக்கும் அப்படித்தான்.

சோப்பை ஒரு கடி கடித்தால் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்து இல்லை. வாய் எரியும். வாந்தி, வயிற்றுப்போக்கு வரலாம். ஆனால், நுரை மூச்சுக்குழாய்க்குள் போனால் அபாயம். துண்டு தொண்டையில் சிக்கினாலும் அபாயம். ஆகவே, குழந்தையை வாந்தி எடுக்கச் செய்யக் கூடாது. வாயில் இருப்பதை எடுத்துவிட்டு, துடைத்து, ஒன்றிரண்டு வாய் தண்ணீர் கொடுக்கலாம். இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கோர்ட்டுக்குப் போன சோப்பு

இதை எண்ணித்தான் ஐரோப்பிய நாடுகள் 1987-ம் ஆண்டிலேயே ஒரு விதி செய்தன. உணவு அல்லாத பொருள், வடிவத்தாலோ நிறத்தாலோ வாசனையாலோ உணவு போலத் தோன்றி, யாராவது அதை வாயில் வைத்து ஆபத்துக்கு உள்ளாகக் கூடும் என்றால், அதை விற்கக் கூடாது. குழந்தைகளை அந்த விதி தனியாகக் குறிப்பிட்டது. 1989-ல் பிரிட்டன் இதற்குத் தனிச் சட்டமே செய்தது.

பிறகு ஒரு வழக்கு வந்தது. பிரிட்டனைச் சேர்ந்த ஒரு கம்பெனி, தொட்டித் தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் குளியல் உருண்டைகளைச் செய்தது. அவை தின்பண்டம் போல இருந்தன. லிதுவேனியா நாட்டு அதிகாரிகள், "இவற்றை விற்கக் கூடாது" என்று உத்தரவு போட்டார்கள்.

"ஆபத்து என்பதற்கு ஆதாரம் எங்கே?" என்று கம்பெனி கேட்டது.

லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் 2022-ம் ஆண்டு ஜூன் 2-ந் தேதி தீர்ப்புச் சொன்னது. ஆபத்தைப் புள்ளிவிவரத்தோடு நிரூபிக்க வேண்டும் என்று அதிகாரிகளைக் கட்டாயப்படுத்த முடியாது. அதே சமயம், உணவு போல இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு பொருளை ஆபத்தானது என்று முடிவு கட்டவும் கூடாது. ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும் என்றது தீர்ப்பு.

நியாயமான தீர்ப்பு! தொழிலும் அழியக் கூடாது. குழந்தையும் அழக் கூடாது.

செய்பவர்களுக்கு

வீட்டில் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் சில விஷயங்களை மறக்கக் கூடாது.

உருக்கும் பாத்திரத்தைச் சமையலுக்குப் பயன்படுத்தாதீர்கள். முடிந்த சோப்பைச் சாப்பாட்டு மேஜையிலோ குளிர்சாதனப் பெட்டியிலோ வைக்காதீர்கள். ஒரு வாய்க்குள் அடங்கும் மிட்டாய் அளவில் செய்யாதீர்கள். பரிசாகக் கொடுக்கும்போது, சிறு குழந்தை உள்ள வீடா என்று கேட்டுக் கொடுங்கள். அப்படிப்பட்ட வீட்டுக்கு லெமனேட் வேண்டாம்; ஒரு பூவோ, நட்சத்திரமோ, மீனோ போதும். அழகுக்குக் குறைவு இல்லை.

பெரியவர்களின் கண்ணை ஏமாற்றலாம். அது வேடிக்கை. குழந்தையின் நாக்கை ஏமாற்றக் கூடாது!