தன்னார்வக் கணிப்பில் நின்றுபோன வேலையை நீக்கும் முறை

வானொலித் தொலைநோக்கிகளும் விண்கலங்களும் திரட்டியனுப்பும் தரவுகள், ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் கணிப்பொறிகளைக் கொண்டு மட்டும் ஆராய்ந்து முடிக்க இயலாத அளவுக்குப் பெருகிவிட்டன. ஆகவே, கணக்கைச் சிறு சிறு வேலைகளாகப் பகுத்து, வீடுகளிலும் பள்ளிகளிலும் ஓய்ந்திருக்கும் கணிப்பொறிகளுக்கு இணையத்தின் வழியே அனுப்பும் முறை கையாளப்பட்டு வருகிறது. இதற்குப் பெரிதும் பயன்படுவது, கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் உருவான ‘பாயிங்க்’ என்னும் மென்பொருளாகும். பள்ளிக் கணிப்பொறியில் இதனை நிறுவுவோர் முன்கூட்டியே தலைமையாசிரியரின் அனுமதியைப் பெறுதல் வேண்டும். மின்கட்டணம் பள்ளியைச் சேர்ந்ததன்றோ!

இவ்வாறு வந்த வேலைகளுள் ஏதேனும் ஒன்று சில வேளைகளில் முன்னேறாமல் நின்றுவிடுவதுண்டு. அதனை அப்படியே விட்டுவைத்தால் நமக்கு மட்டுமே நட்டம் என்று எண்ணுதல் தவறு. ‘ஐன்ஸ்டைன் அட் ஹோம்’ திட்டத்தில் ஒரே வேலை இருவேறு கணிப்பொறிகளுக்கு அனுப்பப்படுகிறது. இரு விடைகளும் ஒத்திருந்தாலன்றி ஏற்கப்படுவதில்லை. 2010-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பெற்ற, விநாடிக்கு ஏறத்தாழ 41 முறை சுழலும் துடிப்பு விண்மீனைக் காட்டிக் கொடுத்தவை, அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலிருந்த ஒரு கணிப்பொறியும் ஜெர்மனியின் மைன்ஸ் நகரிலிருந்த மற்றொன்றுமே ஆகும். நம் கணிப்பொறி மௌனமாயிருந்தால், முகமறியாத மற்றொரு அன்பரின் விடை கெடு முடியும் வரையில் காத்துக் கிடக்கும். பல வேலைகளுக்குக் கெடு 14 நாட்கள்.

எனினும், நின்றதுபோல் தோன்றும் யாவும் நின்றவையல்ல. இதில்தான் பெரும்பாலோர் அவசரப்படுகின்றனர். இத்திட்டத்தில் காமாக் கதிர்த் தரவுகளைக் கொண்டு நடத்திய சில வேலைகள், 90 சதவீதத்தையொட்டி அசையாது நின்று, கடைசிப் பகுதியைக் கணித்த பின் திடீரென முடிவெய்தும். தட்பவெப்ப மாதிரிகளைக் கணிக்கும் வேலைகளோ வாரக்கணக்கில் ஓடக்கூடியவை. ஆகவே சதவீதத்தை மட்டும் நம்பலாகாது. வேலையைத் தேர்ந்து ‘ப்ராப்பர்ட்டீஸ்’ என்னும் பொத்தானை அழுத்தினால், கழிந்த நேரமும் சி.பி.யூ. நேரமும் தனித்தனியே தோன்றும். அரைமணி நேரம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். முன்னது ஏறிக்கொண்டிருக்க, பின்னது சிறிதும் ஏறவில்லையெனில் வேலை நின்றதென்று ஐயுறலாம். வரைகலைச் செயலியில் ஓடும் வேலைகளுக்கு இச்சோதனை முழுமையாகப் பொருந்தாது, அவற்றில் சி.பி.யூ. நேரம் இயல்பாகவே குறைவாக இருத்தல் கூடும்.

வேலை முடிந்து, விடையை அனுப்புவது மட்டும் தடைப்பட்டிருந்தால் அதனை ஒருபோதும் நீக்கலாகாது. ‘ட்ரான்ஸ்ஃபர்ஸ்’ பக்கத்தில் மறுபடி அனுப்பச் செய்தல் போதும்.

ஐயம் உறுதிப்பட்ட பின்னரும் முதலில் செய்ய வேண்டியது நீக்கமன்று. மென்பொருளை முழுவதும் நிறுத்தி மீண்டும் தொடங்கிப் பார்க்க வேண்டும். வெளியேறும்போது, ஓடும் வேலைகளையும் நிறுத்துமாறு கேட்கும் கட்டத்தில் குறியிடுவது அவசியம். இல்லையேல் சாளரம் மட்டும் மூடி, வேலை பின்னணியில் அப்படியே தொங்கும். கணக்கு தன் நிலையை அவ்வப்போது வட்டில் எழுதி வைப்பதால், கடைசியாக எழுதிய இடத்திலிருந்து அது தொடரும். மின்தடைக்குப் பின் நேர்வதும் இதுவே. பல வேலைகள் இந்த அளவிலேயே உயிர்பெற்றுவிடும்.

அப்போதும் பயனில்லையெனில், ‘டாஸ்க்ஸ்’ பக்கத்தில் அவ்வேலை ஒன்றை மட்டும் தேர்ந்து, ‘அபார்ட்’ பொத்தானை அழுத்தி, கேட்கும் வினாவுக்கு ஆம் என விடையளிக்க வேண்டும். வேலை பட்டியலிலிருந்து உடனே மறையாது. கைவிடப்பட்டதாகக் குறிக்கப்பெற்று நிற்கும். ‘ப்ராஜெக்ட்ஸ்’ பக்கத்துக்குச் சென்று ‘அப்டேட்’ கொடுத்தால் செய்தி மையக் கணிப்பொறியைச் சேரும். அது கெடுவுக்குக் காத்திராமல் அதே வேலையை வேறொருவருக்கு அனுப்பிவிடும். நமக்கு அவ்வேலைக்கான மதிப்பெண் கிட்டாது, அவ்வளவே.

சிலர் கோப்புறையைத் திறந்து கோப்புகளைக் கையால் அழிக்கின்றனர். இது தீங்கானது. மென்பொருளின் குறிப்பேட்டில் வேலை இருப்பதாகவே எழுதியிருக்கும். மையத்துக்கும் முறையான செய்தி எதுவும் செல்லாது. ‘ரீசெட்’ பொத்தானும் இதற்குரியதன்று. அது அத்திட்டத்தின் நல்ல வேலைகளையும் சேர்த்து எறிந்துவிடும். மூடப்பட்டுவிட்ட திட்டத்தின் வேலைகள் தங்கியிருப்பின் மட்டும் ‘ரிமூவ்’ பொருந்தும். சான்றாக, 1999-இல் தொடங்கிய ‘செட்டி அட் ஹோம்’ 2020 மார்ச்சு இறுதியில் வேலை வழங்குவதை நிறுத்திவிட்டது.

அடுத்தடுத்து வரும் வேலைகளும் இவ்வாறே நிற்குமாயின், குற்றம் வேலையில் இல்லை. கணிப்பொறியின் வெப்பம், நினைவகம், வரைகலை இயக்கி ஆகியவற்றை ஆராய்தல் வேண்டும். அதுவரையில் ‘நோ நியூ டாஸ்க்ஸ்’ என்பதை அழுத்தி, புதிய வேலை வராது தடுத்து வைக்கலாம்.