மருமகளின் ஒற்றைச் செருப்பைத் திருடிய ஒலிவைத் தெரியுமா?

ஒரே மகனின் கல்யாணத்தன்று மருமகளின் அறைக்குள் இருந்தபடி அவளுடைய ஒற்றைச் செருப்பைத் திருடிக் கைப்பையில் போட்டுக்கொண்ட மாமியாரைத் தெரியுமா? அவர் பெயர் ஒலிவ் கிட்டரிஜ். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் கிராஸ்பி என்று ஒரு கடலோரச் சிற்றூர். வரைபடத்தில் தேடாதீர்கள், எலிசபெத் ஸ்ட்ரௌட் கற்பனையில் கட்டிய ஊர் அது. அங்கே பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர் ஒலிவ். ஆகிருதியான உடம்பு, முகத்துக்கு நேரே வெடுக்கென்று பேசும் வாய்.

அந்தக் கல்யாணக் காட்சியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பச்சைத் துணியில் பெரிய பெரிய செம்பூக்கள். ஆசைப்பட்டு வாங்கி, தானே தைத்த உடை. அதை உடுத்திக்கொண்டு களைப்பாறச் சற்றே படுத்திருக்கிறார். வெளியிலிருந்து பேச்சு காதில் விழுகிறது. மணப்பெண் தன் தோழியிடம் அந்த உடையைத்தான் கேலி செய்துகொண்டிருக்கிறாள்! ஒலிவ் அழவில்லை, சண்டைக்கும் போகவில்லை. எழுந்து அலமாரியைத் திறக்கிறார். ஒரு ஸ்வெட்டரை எடுத்து அதன் கையில் கறுப்பு மார்க்கரால் கோடு இழுத்து, மடித்துப் பழையபடியே வைக்கிறார். ஒரு செருப்பு, ஒரு உள்ளாடை, இரண்டும் கைப்பைக்குள். எதற்கு? எல்லாம் தெரிந்தவள்போல நடந்துகொள்ளும் அந்தப் பெண்ணுக்கு என்றாவது தன் மேலேயே ஒரு சந்தேகம் வரட்டும், அவ்வளவுதான். இத்தனை அற்பமான, இத்தனை வலிக்கிற ஒரு பழிவாங்கலைச் சமீப கால நாவல்களில் நான் படித்ததில்லை.

ஒலிவின் பெயரையே தலைப்பாகக் கொண்டு 2008இல் வெளிவந்த அந்தப் புத்தகம் 13 கதைகளின் கோவை. அதிசயம் என்ன தெரியுமா? சில கதைகளில் ஒலிவ் சும்மா கடந்துபோவார், ஒரு பக்கம்கூட இருக்க மாட்டார். ஆனாலும் கதை முழுக்க அவருடைய காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். 2009இல் புலிட்சர் பரிசு வந்தது. சட்டம் படித்த ஸ்ட்ரௌட்டின் முதல் நாவல் வெளிவந்தபோது அவருக்கு 42 வயது என்பது இன்னொரு ஆச்சரியம்.

ஒலிவ் அதோடு போய்விடவில்லை. 2019இல் இன்னும் வயதாகி, உடம்பு தளர்ந்து, அதே வாயோடு மறுபடி வந்தார். 2024இல் வந்த நாவலில் அவருக்கு 90 வயது! அதில்தான் லூசி பார்ட்டனைச் சந்திக்கிறார். இந்த லூசி யார்? ஸ்ட்ரௌட்டின் வேறொரு நாவல் வரிசையின் நாயகி, கொடும் வறுமையில் வளர்ந்து எழுத்தாளரானவர். வருடக்கணக்காகத் தனித்தனிப் புத்தகங்களில் வாழ்ந்த இருவர் ஒரே அறையில் உட்கார்ந்து, யாரும் கவனிக்காமல்போன மனிதர்களின் கதைகளை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். இதைப் படிக்கிற சுகத்தை, முந்தைய நூல்களைப் படித்தவர்களால்தான் முழுசாக அனுபவிக்க முடியும். அதற்காகவே முதலிலிருந்து தொடங்குங்கள் என்பேன்.

சரி, ஒரு ஆளின் யோக்கியதையை அவர் ஓட்டும் காரை வைத்தே எடைபோடும் ஸ்வீடன்காரர் ஓவேயைத் தெரியுமா? வயது 59. வாழ்நாள் முழுக்க சாப் கார்தான். நண்பர் ரூனே வால்வோ வாங்கியதைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டவர், அவர் பிஎம்டபிள்யூ வாங்கியதும் உறவையே முறித்துக்கொள்கிறார்! சிரித்துக்கொண்டே படிப்போம். அந்த கார்ச் சண்டைக்கு அடியில் பிறக்காமலே போன ஒரு குழந்தையின் துக்கம் கிடக்கிறது என்று தெரியும்போது சிரிப்பு நின்றுவிடும்.

ஓவேயின் கதையை நாவலாக எழுதிய ஃபிரெட்ரிக் பேக்மன் ஒருகாலத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். அருங்காட்சியகத்தில் டிக்கெட் வாங்கும்போது எரிந்துவிழுந்து, மனைவி வந்து சமாதானம் செய்யும்வரை அடங்காத ஒரு மனிதரைப் பற்றிய பேச்சிலிருந்துதான் ஓவே முளைத்தார். புத்தகம் 2012இல் வந்தது. 2015இல் ஸ்வீடிஷ் படம், 2022இல் டாம் ஹாங்க்ஸ் நடித்த ஹாலிவுட் படம். அங்கே போனதும் சாப் செவ்ரோலேயாகிவிட்டது. என் அபிப்பிராயம் இது: நாவலின் கடைசிப் பகுதியில் பேக்மன் கொஞ்சம் அதிகமாகவே சர்க்கரை போட்டுவிட்டார். எல்லோரும் நல்லவர்களாகிவிடுகிறார்கள். ஒலிவிடம் அந்தச் சலுகை இல்லை. அதனால்தான் ஒலிவ் எனக்கு ஒரு படி மேல்.

நெஞ்சை அடைக்கவைத்த புத்தகம் இன்னொன்று. 30க்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் வேண்டாம் என்று திருப்பிய நாவல் புக்கர் வாங்கியது தெரியுமா? டக்ளஸ் ஸ்டூவர்ட்டின் ‘ஷகி பெய்ன்’, 2020. நியூயார்க்கில் ஆடை வடிவமைப்பாளராக வேலை பார்த்துக்கொண்டே ஏறக்குறைய பத்து வருடம் எழுதியிருக்கிறார். ஊர் கிளாஸ்கோ, காலம் 1980கள். சுரங்கமும் கப்பல் தளமும் மூடி, ஆண்கள் வேலையிழந்து வீட்டில் உட்கார்ந்திருந்த வருடங்கள். ஷகி என்ற சிறுவன், குடியில் மூழ்கிக்கொண்டிருக்கும் அம்மா ஆக்னஸ். அம்மாவை எப்படியாவது நான் காப்பாற்றிவிடுவேன் என்று அந்தப் பிள்ளை நம்புகிறான் பாருங்கள், அந்த நம்பிக்கைதான் நாவல்.

ஆக்னஸை மறக்கவே முடியாது. எவ்வளவு விழுந்தாலும் காலையில் உதட்டுச் சாயம், வாரி முடித்த தலை, நல்ல கோட், ஹீல்ஸ். அக்கம்பக்கம் என்ன பேசினாலும் தலை நிமிர்ந்துதான் தெருவில் நடப்பாள். குடிகாரியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற நாம், இவளுக்காக ஒவ்வொரு பக்கத்திலும் வேண்டிக்கொள்கிறோம். ஸ்டூவர்ட்டின் சொந்த அம்மாவும் குடியால் இறந்தவர். அப்போது அவருக்கு வயது 16. சிறுவனாக இருக்கையில், அம்மாவைக் குடியிலிருந்து திசைதிருப்ப, ‘உன் சுயசரிதையைச் சொல்லு, எழுதுகிறேன்’ என்று நோட்டும் பேனாவுமாக உட்காருவாராம். அம்மா சமர்ப்பணத்தை எலிசபெத் டெய்லருக்குச் சொல்வார், அதைத் தாண்டி நூல் நகராது. அந்த அம்மாவின் கதையைத்தான் பிற்பாடு உலகமே படித்தது.

டிக்கன்ஸின் மேசையில் பிறந்த சமீபத்திய நாவல் ஒன்று உண்டு, தெரியுமா? இங்கிலாந்தின் பிராட்ஸ்டெயர்ஸ் ஊரில் அவர் ‘டேவிட் காப்பர்ஃபீல்ட்’ எழுதிய வீட்டில் பார்பரா கிங்சால்வர் தங்க நேர்ந்தது. அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில் வலிநிவாரண மாத்திரைகளுக்கு அடிமையாகிச் சீரழிந்த ஒரு தலைமுறையை எப்படி எழுதுவது என்று அவர் திணறிக்கொண்டிருந்த நேரம். அந்தக் குழந்தையே பேசட்டும் என்று டிக்கன்ஸ் காதருகே சொன்னதுபோல இருந்தது என்கிறார். அந்த மேசையிலேயே எழுத ஆரம்பித்தார். 2022இல் ‘டீமன் காப்பர்ஹெட்’ வந்தது, 2023இல் புலிட்சரும் புனைகதைக்கான பெண்கள் பரிசும் வந்தன. பெண்கள் பரிசை இரண்டு முறை வாங்கிய முதல் ஆள் அவர்தான். டிக்கன்ஸின் பாத்திரங்களுக்கு ஒவ்வொன்றாக ஜோடி தேடும்போது நாவல் அங்கங்கே இழுக்கிறது, உண்மை. ஆனால் செம்பட்டைத் தலை டீமன் வாயைத் திறந்தால் போதும், நீளம் மறந்துவிடும். நூலில் வந்த பணத்தைக்கொண்டு வர்ஜீனியாவின் லீ கவுண்டியில், போதையிலிருந்து மீளும் பெண்களுக்கு நிஜமாகவே ஒரு இல்லம் திறந்திருக்கிறார் கிங்சால்வர். அதே கவுண்டியில்தான் டீமனின் கதை நடக்கிறது!

நம் பக்கத்துக்கும் வருவோம். கணவர் இறந்தபின் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு எழவே மறுக்கும் 80 வயதுப் பாட்டி, பிறகு எழுந்து, விசாவே இல்லாமல் பாகிஸ்தான்வரை போகிறார்! கீதாஞ்சலி ஸ்ரீயின் ‘ரேத் சமாதி’. டெய்ஸி ராக்வெலின் ஆங்கில மொழிபெயர்ப்பில் 2022இல் சர்வதேச புக்கர் பெற்றது. இந்தி நாவல் ஒன்றுக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல் தடவை. முதல் நூறு பக்கம் பொறுமை வேண்டும். பாட்டி எழுந்துவிட்டால் பிறகு உங்களால் உட்கார முடியாது.

பெருமாள்முருகன் மறுபடி நாவலுக்குத் திரும்பியபோது கதாநாயகி ஒரு வெள்ளாட்டுக்குட்டி என்பது நினைவிருக்கிறதா? முந்தைய நாவல் ஒன்றுக்கு எழுந்த எதிர்ப்பால் எழுதுவதையே விட்டுவிட்டதாக 2015இல் அறிவித்தவர், 2016 ஜூலையில் அவருக்குச் சாதகமாக வந்த உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் எழுதிய ‘பூனாச்சி’ அது. மனிதர்களைப் பற்றி எழுத அச்சம், தெய்வங்களைப் பற்றி எழுத அதைவிட அச்சம் என்று முன்னுரையில் சொல்லி ஆட்டிடம் வந்து சேர்கிறார். கறுப்புக் குட்டி அது, கையில் தூக்கினால் எடையே தெரியாது. அதற்குப் பசிக்கிறது, காதல் வருகிறது, பஞ்சம் வருகிறது. ஆட்டுக்குட்டிகூடக் காதைக் குத்திப் பதிவு செய்யப்பட வேண்டிய ராஜ்ஜியம் ஒன்று அதில் வருகிறது. கிழவியும் கிழவனும் பூனாச்சியோடு அந்த வரிசையில் கால்கடுக்க நிற்கும் இடத்தை மட்டும் நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன்.

எதில் தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். தமிழில் என்றால் தயங்காமல் ‘பூனாச்சி’. ஆங்கிலத்தில் என்றால் ஒலிவ். ஷகியை மட்டும் மனசு தெம்பாக இருக்கிற ஒரு மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.