இறுதியாட்டம் வரை சென்ற அணி

உலகக் கிண்ணம் நடைபெறும் மாதத்தில் பிரேசிலுக்கும் ஆர்ஜென்டினாவுக்கும் கொடி கட்டி, இரவெல்லாம் கண்விழித்து, தம் அணி தோற்றால் மறுநாள் யாருடனும் முகங்கொடுத்துப் பேசாத அபிமானிகள் கிழக்கு மாகாணத்தில் ஏராளமாக உண்டு. வெருகலாற்றங்கரைக் கிராமங்களும் இதற்கு விலக்கல்ல. ஆனால், நாம் வாழும் தேசத்தின் அணியே ஒரு சர்வதேசப் போட்டியில் படிப்படியாக ஏறி இறுதியாட்டத்தில் நின்ற சரித்திரத்தை அவர்களிற் சிலரே அறிவர்.

ஓர் அணியைப் பின்தொடர்வதென்பது ஒரு நாளின் வெற்றி தோல்வியை விசாரித்தறிவது மட்டுமன்று. முதற்சுற்றில் ஒரு சமநிலை எத்தனை பெறுமதி என்று கணக்கிட்டு, காலிறுதியில் எதிர்ப்படப்போவது யாரென்று ஆராய்ந்து, தண்ட உதையின்போது பந்துக்காப்பாளரோடு சேர்ந்து நாமும் மூச்சடக்கி நிற்கும் நெடிய யாத்திரை அது. அத்தகைய யாத்திரைக்குரிய சந்தர்ப்பம் 2006 ஏப்ரலில் வாய்த்தது. ஆசியாவில் உதைபந்தாட்டம் இன்னும் வளர்ந்துவரும் தேசங்களுக்கென்று ஆசியச் சம்மேளனம் ஏற்படுத்திய சவால் கிண்ணத்தின் முதற்போட்டி, பதினாறு அணிகளுடன் வங்காளதேசத்தில் நடந்தது. இலங்கை அணி காலிறுதியில் சீன தைப்பேயை 3-0 என்று வென்றது. அரையிறுதியில் நேபாளத்தோடு 1-1 என்று சமநிலையில் நின்று, தண்ட உதைகளில் 5-3 என்று கரையேறியது. ஏப்ரல் 16ஆம் திகதி டாக்காவில் நடந்த இறுதியாட்டத்தில் தஜிகிஸ்தானிடம் 4-0 என்று தோற்றது. அந்தத் தோல்வியில் அவமானமேதுமில்லை. 1995இல் கொழும்பில் இந்தியாவை வென்று தெற்காசியத் தங்கக் கிண்ணம் பெற்றதற்கு அடுத்தபடியாக, இதனையே நம் உதைபந்தாட்டத்தின் உன்னத நாட்களில் ஒன்றாக நான் மதிக்கிறேன்.

அந்த நாட்களை வெருகல் பின்தொடரவில்லை, பின்தொடர இயலவுமில்லை. இறுதியாட்டத்துக்கு நான்கு நாள் முன்னர் திருகோணமலைச் சந்தையில் குண்டு வெடித்து, நகரம் கலவரத்தில் எரிந்தது. அந்த மாதம் முடிவதற்குள் சம்பூர்ப் பக்கம் அரச விமானங்கள் குண்டு வீசின. ஜூலையில் வெருகலுக்கு அண்மையிலுள்ள மாவிலாற்று மதகு மூடப்பட்டதோடு யுத்தம் மீண்டும் மூண்டது. ஈச்சிலம்பற்று, வெருகல் மக்கள் பிள்ளைகளையும் மூட்டைகளையும் சுமந்துகொண்டு வாகரை நோக்கி நடந்தனர். உயிரைக் காப்பதே பெரும்பாடாயிருந்த அவர்களிடம் டாக்காவில் யார் கோல் அடித்தார் என்று கேட்பது எவ்வளவு கொடுமை! இன்னொரு காரணமும் உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது: குண்டு விழுந்த கிராமத்தவருக்கு அத்தேசத்தின் அணியை 'நம் அணி' என்று சொல்ல நா எழுவது எளிதன்று.

எனினும், விளையாட்டு வீரன் யுத்தத்துக்குப் பொறுப்பாளியல்லன். மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் தமிழ் இளைஞர்கள் தேசிய அணியின் சட்டையை அணிந்து ஆடியிருக்கிறார்கள். அவர்களை உற்சாகப்படுத்த வேண்டியவர்கள் நாமே. நிர்வாகக் குழப்பத்தால் 2023 ஜனவரியில் உலகச் சம்மேளனம் இலங்கையை இடைநிறுத்தியது. தடை ஆகஸ்டில் நீங்குவதற்குள் அவ்வாண்டுத் தெற்காசியப் போட்டி பெங்களூரில் நம்மவர்களின்றியே நடந்து முடிந்தது. தரவரிசையிலோ இருநூறைத் தாண்டிக் கிடந்தோம். இவ்வளவுக்கும் பின்னர், அபிமானிகளும் இல்லாவிட்டால் ஓர் அணி எதைப் பற்றிக்கொண்டு எழும்?

ஆகவே, வெருகல் வாலிபர்களே, அடுத்த தெற்காசியப் போட்டி வரும்போது முதலாட்டத்திலிருந்தே இலங்கை அணியைப் பின்தொடருங்கள்; வென்றாலும் தோற்றாலும் கடைசி ஆட்டம் வரை அதனோடு இருங்கள்.