ஃபீஸுக்கு அல்ல, வாடகைக்கு

கொரோனா காலத்தில் அமெரிக்க அரசு காலேஜ் பிள்ளைகளுக்குப் பணம் கொடுத்தது என்று ஊரில் யாரிடம் சொன்னாலும், "ஃபீஸைத் தள்ளுபடி பண்ணிட்டாங்களா?" என்றுதான் கேட்கிறார்கள். ஃபீஸுக்கும் அந்தப் பணத்துக்கும் பெரிய சம்பந்தமில்லை. அது அரிசிக்கும் வாடகைக்கும் கொடுத்த பணம்.

கலிஃபோர்னியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜின் நிதி உதவி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். இங்கே கட்டணம் ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். வருமானம் குறைந்தவர்களுக்கு மாநிலம் அதையும் தள்ளுபடி செய்துவிடும். எங்கள் மாணவர்களைப் பாதியில் நிறுத்த வைப்பவை வேறு: வீட்டு வாடகை, பெட்ரோல், குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்குத் தர வேண்டிய சம்பளம். பகலெல்லாம் ஓட்டலில் தட்டு எடுத்துவிட்டு மாலையில் அக்கவுண்டிங் வகுப்புக்கு வருகிறவர்கள்தான் எங்களிடம் அதிகம். 2020 மார்ச் 19 அன்று மாநிலம் முழுவதும் வீட்டிலேயே இருக்கச் சொல்லி உத்தரவு வந்தது. வகுப்பு ஆன்லைனுக்குப் போனது. ஓட்டல் வேலை எங்கே போகும்? ஒரே வாரத்தில் சம்பளம் நின்றது. அதோடு லேப்டாப்பும் இன்டர்நெட்டும் புதுச் செலவாக வந்து சேர்ந்தன.

மார்ச் 27 அன்று கேர்ஸ் சட்டம் கையெழுத்தானது. பெரியவர்களுக்குத் தலைக்கு 1,200 டாலர், 17 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்காகப் பெற்றோருக்கு 500 டாலர். வருமான வரிக் கணக்கில் பெற்றோரைச் சார்ந்தவராகக் காட்டப்பட்ட இருபது வயது மாணவருக்கு? 1,200-ம் இல்லை, அவர் பெயரில் பெற்றோருக்கு 500-ம் இல்லை. அவர்களுக்கு வழி இருந்தது அதே சட்டத்தின் இன்னொரு பிரிவில். உயர்கல்விக்கு ஏறக்குறைய 1,400 கோடி டாலர் ஒதுக்கியிருந்தார்கள். அதில் பெரும்பகுதி கல்லூரிகளுக்கு நேராகப் பிரிந்தது. கல்லூரி தன் பங்கில் குறைந்தது பாதியை மாணவர் கையில் கொடுத்தாக வேண்டும். அந்தப் பாதி மட்டும் 600 கோடி டாலருக்கு மேல். ஏப்ரல் 9 அன்று கல்வித்துறைச் செயலர் பெட்சி டிவோஸ் அதை அறிவித்தார். சாப்பாடு, தங்குமிடம், புத்தகம், கணினி, மருத்துவம், குழந்தைப் பராமரிப்பு என்று செலவுகளைச் சட்டமே சொல்லிவிட்டது. திருப்பிக் கட்ட வேண்டாம், வரியும் கிடையாது. யாருக்கு எவ்வளவு என்பது கல்லூரியின் முடிவு. அந்த ஆண்டின் அதிகபட்ச பெல் உதவித்தொகையான 6,195 டாலரை ஒருவருக்கான உச்சவரம்பாக வைத்துக்கொள்ளலாம் என்று மட்டும் டிவோஸ் யோசனை சொன்னார். பெல் என்பது ஏழை மாணவர்களுக்கு மத்திய அரசு தரும் உதவித்தொகை.

கல்லூரிகளுக்குப் பிரித்த கணக்கில்தான் எங்களுக்கு வயிற்றெரிச்சல். பெல் வாங்கும் மாணவர்களை வைத்து 75 சதவீதம், மற்றவர்களை வைத்து 25 சதவீதம். இது நியாயம்தான். ஆனால் எண்ணியது தலைகளை அல்ல, முழுநேரப் படிப்பின் அளவை. அரைநேரம் படிக்கும் இரண்டு பேர் சேர்ந்து ஒரு ஆள். இரண்டு பேருக்கும் தனித்தனியே வயிறு உண்டு, தனித்தனியே வாடகை உண்டு. வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள் நிறைந்த எங்களைப் போன்ற கல்லூரிகளுக்குத்தான் இதில் நஷ்டம். டிசம்பரில் வந்த இரண்டாவது சட்டம் தலைக்கணக்கையும் சேர்த்துக்கொண்டது.

டிவிக்காரர்களுக்கோ அப்போது ஹார்வர்டுதான் செய்தி. அதன் பங்காக வந்தது சுமார் 86 லட்சம் டாலர். அவ்வளவு சொத்துள்ள ஹார்வர்டுக்கு எதற்கு என்று ஏப்ரல் 21 அன்று டிரம்ப் கேட்க, மறுநாளே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். முழுப் பணத்தையும் மாணவர்களுக்கே தரப்போவதாகத்தான் ஹார்வர்டு சொல்லியிருந்தது. அந்தக் கூச்சலில் அதே ஏப்ரல் 21 அன்று வந்த இன்னொரு காகிதத்தைப் பலரும் கவனிக்கவில்லை.

அது கல்வித்துறையின் வழிகாட்டுதல். மத்திய அரசின் வழக்கமான கல்வி உதவிக்குத் தகுதி உள்ளவர்களுக்கு மட்டுமே இந்தப் பணம் என்றது. சட்டத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை. இதனால் வெளியே தள்ளப்பட்டவர்கள் யார் யார்? சிறு வயதில் ஆவணமின்றிக் கொண்டுவரப்பட்டு, டாகா திட்டத்தின் பாதுகாப்பில் இங்கே இருப்பவர்கள். வெளிநாட்டு மாணவர்கள். இவர்களோடு முடிந்துவிடவில்லை. பள்ளிப் படிப்பை முடித்த சான்றிதழ் இல்லாத குடிமக்கள், மதிப்பெண் சரிந்து உதவியை இழந்தவர்கள் எல்லோரும் அந்தப் பட்டியலில் சேர்ந்தார்கள். தகுதி இருக்கிறது என்று காட்ட எளிய வழி ஃபாஃப்சா என்ற மத்திய அரசு விண்ணப்பம். அதை நிரப்பாதவர்கள் எங்களிடம் ஏராளம்.

மே மாதம் கலிஃபோர்னியா கம்யூனிட்டி கல்லூரிகளின் வேந்தர் எலாய் ஓர்டிஸ் ஓக்லி வழக்குப் போட்டார். ஜூன் 17 அன்று நீதிபதி இவோன் கொன்சாலஸ் ராஜர்ஸ் எங்கள் மாநிலத்துக் கம்யூனிட்டி கல்லூரிகளில் அந்த நிபந்தனைகளைத் திணிக்கத் தடை விதித்தார். நல்ல தீர்ப்பு. ஆனால் அதற்குள் மூன்று மாத வாடகை ஏறியிருந்தது.

எங்கள் அலுவலகம் அப்போது அவரவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்தது. பணம் தருகிறோம் என்று அனுப்பிய மின்னஞ்சலைப் பாதிப் பேர் மோசடி என்று நினைத்து அழித்துவிட்டார்கள். இரண்டு பிள்ளைகளின் தாயான ஒரு நர்சிங் மாணவி போனில் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றைத்தான்: "இது கடன் இல்லையே?" வங்கிக் கணக்கு இல்லாதவர்களுக்குக் காசோலை அனுப்பினோம், வாடகை கட்ட முடியாமல் காலி செய்த முகவரிக்குப் போய்ச் சில திரும்பி வந்தன. நிதி உதவி என்றால் சட்டமும் கோடிகளும்தான் பேசப்படும். பணம் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இந்தக் கடைசி மைலில்தான்.

வேறொரு மாநிலத்தில் எம்.எஸ். படித்துக்கொண்டிருந்த கோயம்புத்தூர்ப் பையன் ஒருவர், தெரிந்தவர் மூலம் என் எண்ணை வாங்கி அழைத்தார். வளாக உணவகத்தில் வாரம் இருபது மணி நேர வேலை. மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் காலத்துக்கு அவ்வளவுதான் அனுமதி. வளாகம் மூடியதும் அதுவும் போனது. இஷ்டத்துக்கு வெளியே வேலை தேட முடியாது.

"அக்கா, இந்த கேர்ஸ் பணம் எங்களுக்கும் வருமா?"

"இப்போதைக்கு வராதுப்பா. காலேஜ் சொந்தமா அவசர நிதி ஏதாவது வெச்சிருக்கான்னு கேளு."

கேட்டிருக்கிறார். வீட்டு வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு விவரம், பேராசிரியர் கடிதம் எல்லாம் கேட்டார்களாம். அவர் அப்பாவிடம் பணம் அனுப்பச் சொல்லிவிட்டார்.

2021 மார்ச்சில் வந்த மூன்றாவது சட்டம் உயர்கல்விக்கு ஏறத்தாழ 4,000 கோடி டாலர் தந்தது. மே மாதம் புதிய செயலர் மிகெல் கார்டோனா விதியையே மாற்றினார்: டாகாவோ வெளிநாட்டவரோ, மாணவராக இருந்தால் போதும், அதிகம் தேவைப்படுகிறவருக்கு முன்னுரிமை. நாங்களும் அப்போது விண்ணப்பத்தை ஒரு பக்கமாக்கினோம். என்ன செலவு என்று டிக் செய்து, சொல்வது உண்மை என்று கையெழுத்துப் போட்டால் சரி, ரசீது வேண்டாம். ஏமாற்றுவார்களே என்று சக ஊழியர்கள் சிலர் பயந்தார்கள். சிலர் ஏமாற்றியும் இருக்கலாம். ஆனால் சில நூறு டாலரைக் காப்பாற்ற வேலை போனவரிடம் வேலை போனதற்கு அத்தாட்சி கேட்டு அலைய விட்டால், அந்த அலைச்சலில் நின்றுவிடுபவர் உண்மையில் கஷ்டப்படுகிறவர்தான். ஏமாற்றுக்காரருக்குக் காகிதம் தயார் செய்ய நேரம் இருக்கும்.

அந்த நிதியைச் செலவழிக்கக் கல்லூரிகளுக்குப் பொதுவாகக் கொடுத்த கெடு 2023 ஜூனில் முடிந்தது. இப்போது எங்களிடம் இருப்பது நன்கொடையில் ஓடும் சின்ன அவசர நிதி. விண்ணப்பம் மறுபடி மூன்று பக்கமாகிவிட்டது. மின்கட்டண ரசீதும் முதலாளி கடிதமும் இணைக்க வேண்டுமாம். பழைய ஒரு பக்கத்துக்கே போகலாம் என்று நான் எழுதிக் கொடுத்த குறிப்பு கமிட்டியில் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.