விளம்பரம் இல்லாத பெயர்

இந்தியாவில் வழக்கறிஞர் தமக்கு விளம்பரம் தேடக் கூடாது. 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின்கீழ் இந்திய பார் கவுன்சில் வகுத்த நடத்தை நெறிகளில் 36-ஆம் விதி இதைக் கண்டிப்பாகச் சொல்கிறது. சுற்றறிக்கை, தரகர் என எந்த வழியிலும் வழக்குப் பிடிக்கக் கூடாது. பெயர்ப்பலகை அளவோடு இருக்க வேண்டும். சங்கத் தலைவர், முன்னாள் நீதிபதி, இன்ன வகை வழக்கில் கைதேர்ந்தவர் என்றெல்லாம் அதில் எழுத முடியாது. 2008-இல் வந்த தளர்வு, இணையதளத்தில் பெயர், முகவரி, பதிவு விவரம், கல்வித் தகுதி, தொழில் செய்யும் துறை ஆகியவற்றை மட்டும் அனுமதித்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1977-லேயே வழக்கறிஞர் விளம்பரத்துக்கு வழிவிட்டது. இங்கோ 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், சட்டத் தொழிலில் பிராண்டு கலாச்சாரமே சமூகத்துக்குக் கேடு என்று தீர்ப்பளித்தது.

ஆகவே காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ ஒரு வக்கீலுக்குப் பெயர் வருவது, அவர் கட்சிக்காரரிடம் நடந்துகொள்ளும் விதத்தால்தான். செட்டிநாட்டில் அதற்கு உரைகல் பாகப்பிரிவினை வழக்கு. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என நீளும் ஒரே வீட்டுக்குத் தலைமுறை தாண்டிப் பங்காளிகள் பெருகியிருப்பார்கள். ஒருவர் சென்னையில், இன்னொருவர் சிங்கப்பூரில். பங்குதாரர் ஒருவரை விட்டுவிட்டாலும் வழக்கு நிலைக்காது. தாய்ப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பார்த்து, வம்சாவளியை முழுதாக எழுதி வாங்காமல் பிராது தயாரிப்பவரை ஊர் விரைவில் அறிந்துகொள்ளும்.

இன்னும் கடினமானது, கட்சிக்காரர் கேட்க விரும்பாததைச் சொல்வது. “சீர் செனத்தியெல்லாம் செஞ்சு கட்டிக் குடுத்தாச்சே, தங்கச்சிக்கு ஏதுங்கய்யா பங்கு?” என்று வரும் அண்ணனிடம், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்தின்படி கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு உண்டு என்பதையும், திருத்தம் வந்தபோது தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியதையும் முதல் நாளே சொல்ல வேண்டும். அதைக் கேட்டு எழுந்து போகிறவர்கள் உண்டு. போனாலும் சொல்லியே ஆக வேண்டும். மறைத்து வாங்கும் வக்காலத்து, சிவகங்கை மாவட்ட நீதிமன்றம், மதுரைக் கிளை என்று மேல்முறையீட்டிலேயே ஒரு குடும்பத்தின் ஆண்டுகளைத் தின்றுவிடும்.

சமரசத்துக்கு வழியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். வழக்கு பேசி முடிந்தால், தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 69-ஏ பிரிவின்படி கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும்; கட்சிக்காரர்கள் தமக்குள் பேசி முடித்தாலும் இது பொருந்தும் என 2021-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

மற்றவையும் பார் கவுன்சில் விதிகளிலேயே இருக்கின்றன. கட்சிக்காரர் தந்த பணத்துக்குக் கணக்கு வைக்க வேண்டும். ஜெயித்தால் இத்தனை பங்கு என்று கட்டணம் பேசக் கூடாது. ஒரு பங்காளிக்கு ஆலோசனை சொன்ன வழக்கில் எதிர்ப் பங்காளிக்கு ஆஜராகக் கூடாது. மீறினால் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் கட்சிக்காரரே புகார் செய்யலாம். வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-ஆம் பிரிவின்படி கண்டனம், குறிப்பிட்ட காலத்துக்குத் தொழில் தடை, பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கம் ஆகியவை அதற்கான தண்டனைகள்.