உங்களுக்குத் தெரியுமா?

மதுரைப் பக்கத்து மேலூர் வட்டத்துக் கிராமங்களுக்கு 2001-லேயே இணையம் வந்துவிட்டது. அதுவும் வீட்டுக்குள் கையில் எடுத்துக்கொண்டு நடப்போமே, அந்தக் கார்ட்லெஸ் போனின் தொழில்நுட்பத்தில்!

● 'டெக்ட்' என்பது ஐரோப்பிய கார்ட்லெஸ் போன்களுக்கான தரமுறை. திறந்த வெளியிலேயே சில நூறு மீட்டர்தான் எட்டும். சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் 'டெனெட்' குழு, மைடாஸ் நிறுவனத்துடன் சேர்ந்து அதை 'கார்டெக்ட்' ஆக்கியது. எட்டும் தூரம் 10 கிலோமீட்டர். நடுவில் ஒரு ரிலே வைத்தால் 25. சிக்னல் கோபுரமும் கிராமத்து ஆன்டெனாவும் ஒன்றையொன்று 'பார்க்க' வேண்டும், அவ்வளவே.

● கிராமக் கணினி மையத்தில் சுவரில் ஒரு பெட்டி, வெளியே ஆன்டெனா. தொலைபேசிக் கம்பி கிடையாது. வேகம் நொடிக்கு 70 கிலோபிட். அதே இணைப்பில் யாராவது போனில் பேசிக்கொண்டிருந்தால் 35. அந்த 35-இல், இன்று நாம் அனுப்பும் 3 எம்.பி. படம் ஒன்று போய்ச்சேர 11 நிமிடம் ஆகும்.

● அந்த வேகத்தில்தான் கண் நோயாளிகளை வெப்கேமில் படமெடுத்து, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு மின்னஞ்சலில் அனுப்பினார்கள். நோயாளி பேருந்து ஏறும் முன்பே மருத்துவர் அவர் கண்ணைப் பார்த்துவிட்டார்!

● கார்டெக்ட் கருவிகளுக்கு ஏ.சி. அறை தேவைப்படவில்லை.