சமாதானப் பரிசு: தகுதிக்கா, தயவுக்கா?

ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் மாதத்தில் ஒஸ்லோவிலிருந்து ஒரு பெயர் அறிவிக்கப்படுகின்றது. எம்மவர் கூடும் இடங்களில் அன்று மாலையே விவாதம் தொடங்கிவிடும். "இதுவும் அரசியல்தானே" என்பர் சிலர். "உலகம் மதித்துக் கொடுக்கும் பரிசை நாம் குறை கூறலாமா?" என்பர் வேறு சிலர். நோபல் சமாதானப் பரிசு தகுதி நோக்கித்தான் வழங்கப்படுகின்றதா? நாம் புகலிடம் பெற்று வாழும் ஜேர்மனியின் வரலாறு இதற்குத் தரும் விடை, இவ்விரு சாராருமே சிந்திக்கத்தக்கது.

முதலில் அளவுகோலைப் பார்ப்போம். அல்பிரட் நோபல் 1895 இல் எழுதிய மரணசாசனத்தில் மூன்று பணிகளைக் குறிப்பிட்டார். நாடுகளிடையே சகோதரத்துவத்தை வளர்த்தல், நிலையான படைகளை ஒழித்தல் அல்லது குறைத்தல், சமாதான மாநாடுகளை நடத்துதல் என்பனவே அவை. தெரிவு செய்பவர்கள் நோர்வேப் பாராளுமன்றம் நியமிக்கும் ஐவர். ஐந்து மனிதர்களின் துணிவும் அச்சமும் இப்பரிசில் கலந்தே இருக்கும் என்பதை நாம் மறத்தலாகாது.

சிறைக்குள் சென்ற பரிசு

கார்ல் வொன் ஒசியட்ஸ்கி பேர்லினில் வெளிவந்த 'டி வெல்ற்பூன' என்ற வார இதழின் ஆசிரியர். உடன்படிக்கைக்கு மாறாக ஜேர்மனி இரகசியமாக விமானப்படையைக் கட்டியெழுப்புவதை அவ்விதழ் 1929 இல் அம்பலப்படுத்தியது. அதற்காக 1931 இல் அவருக்குப் பதினெட்டு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 1933 பெப்ரவரியில் பாராளுமன்றக் கட்டடம் எரிந்த இரவை அடுத்து ஹிட்லரின் ஆட்சி அவரை மீண்டும் கைது செய்து வதைமுகாமுக்கு அனுப்பியது. நாட்டை விட்டுச் செல்ல வாய்ப்பிருந்தும் செல்லாதவர் அவர்.

அவருக்குப் பரிசு பெற்றுக்கொடுக்க உழைத்தவர்கள் யார்? நாட்டை விட்டுத் தப்பியோடிய ஜேர்மனிய அகதிகள்! பிற நாடுகளில் ஒண்டிக்கொண்டு, கடிதங்கள் எழுதி, பல நாட்டுப் பாராளுமன்ற உறுப்பினர்களையும் அறிஞர்களையும் அணுகி அவர்கள் இந்த இயக்கத்தை நடத்தினர். நோர்வேயில் அகதியாயிருந்த வில்லி பிராண்ட் என்ற இளைஞரும் அவர்களுள் ஒருவர்.

1936 நவம்பரில், 1935 ஆம் ஆண்டுக்கான பரிசு ஒசியட்ஸ்கிக்கு அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்னரே குழுவின் இரு உறுப்பினர்கள் இத்தெரிவிலிருந்து விலகிக்கொண்டனர். அவர்களுள் ஒருவர் பதவியிலிருந்த வெளிநாட்டமைச்சர். நோர்வே மன்னரும் விழாவுக்குச் சமுகமளிக்கவில்லை. பரிசை மறுக்கும்படி வற்புறுத்தப்பட்டும் ஒசியட்ஸ்கி அதனை ஏற்றார்; ஆயினும் ஒஸ்லோவுக்குச் செல்ல அவரை ஆட்சியாளர் விடவில்லை. ஜேர்மனியர் எவரும் இனி நோபல் பரிசு பெறக்கூடாது என 1937 இல் ஹிட்லர் தடை விதித்தார். முகாமில் பட்ட கொடுமையும் காசநோயும் சேர்ந்து 1938 மே மாதத்தில் ஒசியட்ஸ்கியின் உயிரைப் பறித்தன. அப்போது அவருக்கு வயது 48.

இங்கே பரிசு தகுதிக்கே சென்றது. படைபெருக்கத்தை எதிர்த்தவருக்கு, நோபலின் சாசனத்தில் உள்ளபடியே அது வழங்கப்பட்டது. அதனைக் கொடுத்தவர்களும் பலமிக்க அயல்நாடொன்றின் பகையைத் தேடிக்கொண்டனர். எனினும் ஒசியட்ஸ்கியின் பழைய வழக்கை மீள விசாரிக்க 1992 இல் கூட ஜேர்மனியின் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. பரிசு புகழைத் தரும், நீதியைத் தந்துவிடாது.

விடுபட்டவரும் பெற்றவரும்

இதற்கு நேர்மாறானது காந்தியடிகளின் கதை. 1937, 1938, 1939, 1947 ஆகிய ஆண்டுகளில் அவர் பெயர் பிரேரிக்கப்பட்டது. பரிசு கிட்டவில்லை. 1948 இலும் பிரேரிக்கப்பட்டார். ஆனால் ஜனவரி 30 அன்று கொல்லப்பட்டார். தகுதியான எவரும் உயிருடன் இல்லை என்று கூறிக் குழு அவ்வாண்டுப் பரிசை எவருக்கும் வழங்காது விட்டது. ஆயினும் 1961 இல், விபத்தில் இறந்த ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் ஹமர்ஷெல்டுக்கு அவர் மறைவின் பின்னர் இதே பரிசு வழங்கப்பட்டது. காந்திக்கு இல்லாத வழி அவருக்கு எவ்வாறு பிறந்தது?

1973 இல் வியட்நாம் போர்நிறுத்த உடன்பாட்டுக்காக அமெரிக்காவின் ஹென்றி கிஸிங்கரும் வட வியட்நாமின் லே டக் தோவும் தெரிவாயினர். தமது நாட்டில் இன்னும் சமாதானம் வரவில்லை என்று கூறி லே டக் தோ பரிசை மறுத்தார். குழுவின் இரு உறுப்பினர்கள் பதவி துறந்தனர். 1975 இல் சைகோன் வீழ்ந்தபோது அந்த உடன்பாடு வெறுங் கடதாசியாயிற்று. கிஸிங்கர் பரிசைத் திருப்பிக் கொடுக்க முன்வந்தும் குழு ஏற்கவில்லை.

இதனை எமது அனுபவத்தோடு பொருத்திப் பார்ப்போம். 2002 பெப்ரவரியில் நோர்வேயின் அனுசரணையுடன் இலங்கையில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. அன்று அந்தக் கையொப்பங்களுக்கு ஒரு சமாதானப் பரிசு கொடுக்கப்பட்டிருந்தால், 2009 மே மாதத்தில் அப்பரிசின் முகம் எப்படி இருந்திருக்கும்? நம்பிக்கைக்குப் பரிசு கொடுப்பது விதைத்த அன்றே அறுவடை விழா எடுப்பதற்கு ஒப்பாகும்.

சிறையிருந்தோருக்குக் கொடுப்பது என்றும் பிழைக்காது என்றும் சொல்வதற்கில்லை. 1991 இல் வீட்டுக்காவலில் இருந்தவாறே பரிசு பெற்ற ஓங் சான் சூ கி, 2017 இல் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட ரோகிங்கியா மக்கள் பங்களாதேசுக்கு அகதிகளாக ஓடியபோது தமது நாட்டு அரசில் உயர்நிலையில் இருந்தார், இராணுவத்தைக் கண்டிக்கவில்லை. பரிசு ஒருவரின் செய்கைக்கு உரியது. அவரது எஞ்சிய வாழ்நாளுக்கு அது உத்தரவாதமன்று.

நாம் கொள்ள வேண்டியது

இன்னாரின் பெயர் நோபல் பரிசுக்குப் பிரேரிக்கப்பட்டது என்ற செய்தியைக் கண்டு எம்மவர் மயங்குவதுண்டு. எந்த நாட்டுப் பாராளுமன்ற உறுப்பினரும், குறித்த சில துறைகளின் பேராசிரியர்களும் எவரையும் பிரேரிக்கலாம். பெயர்களைக் குழு ஐம்பது ஆண்டுகள் வெளியிடுவதில்லை. 1939 இல் சுவீடன் உறுப்பினர் ஒருவர் ஏளனமாக ஹிட்லரின் பெயரையே பிரேரித்துப் பின்னர் மீளப்பெற்றார் என்றால், பிரேரணையின் பெறுமதி விளங்கும்.

ஆனால் நாடற்றோருக்கு இப்பரிசு பயனற்றது என்றும் கொள்ளற்க. 1996 இல், இந்தோனேசியாவின் பிடியிலிருந்த கிழக்குத் திமோரின் ஆயர் பெலோவுக்கும், நாடு கடந்து வாழ்ந்த ராமோஸ் ஹோர்டாவுக்கும் அது வழங்கப்பட்டது. உலகம் திரும்பிப் பார்த்தது. 2002 இல் அந்நாடு விடுதலை பெற்றது.

ஆகவே பரிசு அறிவிக்கப்படும்போது, இதனால் யாருக்குக் கோபம் வரும் என்று கேட்டுப் பார்ப்போம். வலியவர் ஒருவருக்கும் கோபம் வராத பரிசு பெரும்பாலும் தயவுக்குக் கொடுத்தது. ஒசியட்ஸ்கிக்காகக் கடிதம் எழுதிய அகதி இளைஞர் வில்லி பிராண்ட், பின்னர் ஜேர்மனியின் பிரதமராகி, 1971 இல் அதே பரிசைத் தாமும் பெற்றார். ஒசியட்ஸ்கிக்கு உரியது சென்று சேர்ந்ததற்கு ஐவரின் நேர்மை மட்டும் காரணமன்று. அகதிகளின் சலியாத கடிதங்களும் காரணம். எழுதுகோல் எமது கைகளிலும் உண்டு.